பெயர் எழுதாமல் விடப்பட்ட நாட்குறிப்பு



1877-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் ஒரு பழைய நாட்குறிப்பின் பகுதிகள் வெளியாயின. எழுதியவர் போஸ்டன் நகரில் பணியாற்றிய ஆங்கிலப் படை அதிகாரி என்பது மட்டும் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. 1774 நவம்பர் 15 முதல் 1776 மே 31 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்புகள், 1924-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வந்தபோதுதான் உரியவரின் பெயரைத் தாங்கி வந்தன. அவர் லெப்டினன்ட் ஜான் பார்க்கர். 'கிங்ஸ் ஓன்' என்று அழைக்கப்பட்ட நான்காம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். இந்த வாரம் அவருடைய குறிப்புகளைக் குறித்தே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அவர் பக்திமான் என்று காட்டுவதற்காக அல்ல. அப்படிக் காட்ட அதில் அதிகம் இல்லை. சாட்சி என்னும் சொல்லை நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே சொல்வது எத்தனை கடினம் என்பதை இந்த மனிதரின் சில பக்கங்கள் எனக்குப் புதிதாய் உணர்த்தின.

காலச்சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1773 டிசம்பர் 16 அன்று போஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அந்தத் தேயிலை, நம் சென்னைப் பட்டினத்தில் கோட்டை கட்டி அமர்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. தண்டனையாக ஆங்கிலப் பாராளுமன்றம் 1774 ஜூன் முதல் துறைமுகத்தை மூடியது. ஜெனரல் தாமஸ் கேஜ் ஆளுநராகவும் படைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். வேலையிழந்த மக்கள், சினங்கொண்ட வணிகர்கள், தெருவெங்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் என்றிருந்த அந்த நகரில்தான் நம் லெப்டினன்ட் எழுதத் தொடங்குகிறார்.

தொடக்கப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு தோன்றாது. முணுமுணுப்பே மிகுதி. சிப்பாய்கள் தெருவில் வாளோ துப்பாக்கி முனைக்கத்தியோ அணிந்து செல்லக்கூடாது என்று ஜெனரல் கட்டளையிட்டதை எரிச்சலோடு குறிக்கிறார். ஊராரின் அடங்காத்தனத்திற்கு இது ஊக்கமளிப்பதாகாதா என்று கேட்கிறார். தம் ஜெனரலையே ஏளனமாக 'டாமி' என்று எழுதுகிறார். அமெரிக்கர்களிடத்தில் அவருக்கு இரக்கமில்லை. அவர்களுடைய குறைகளில் நியாயம் இருக்கக்கூடும் என்ற எண்ணமும் இல்லை. பிறர் கண்ணில் படுவதற்காக இவர் எழுதவில்லை என்பதற்கு இந்த நாவடக்கமின்மையே எனக்குப் போதுமான சான்று. மேலதிகாரியை இப்படி எழுதி எவரும் அச்சுக்குக் கொடுக்கமாட்டார்.

1775 ஏப்ரல் 18 இரவு. போஸ்டனுக்கு மேற்கே, இருபது மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள கான்கார்ட் என்ற ஊரில் குடியேற்றத்தார் சேர்த்து வைத்திருந்த படைக்கலங்களை அழிப்பதற்காக ஏறத்தாழ 700 வீரர்கள் இரகசியமாகப் புறப்பட்டனர். படகுகளில் ஆற்றைக் கடந்து, இடுப்பளவு நீரில் நடந்து, சேற்றுப் பாதையில் நின்றார்கள். எதற்காக நின்றார்கள்? உணவுப் பொட்டலங்களுக்காக. வீரர்கள் ஏற்கெனவே கையில் உணவு கொண்டுவந்திருந்தபடியால், பின்னர் வந்து சேர்ந்ததில் பெரும்பகுதியை எறிந்துவிட்டார்கள் என்று லெப்டினன்ட் எழுதுகிறார். வேண்டாத உணவுக்காக மூன்று மணி நேரத்தை அந்தச் சதுப்பு நிலத்தில் வீணாக்கியிராவிட்டால் லெக்சிங்டனில் எங்களை எவரும் மறித்திருக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. நனைந்து, நடுங்கி, உறக்கமின்றி நின்ற எழுநூறு பேரின் மனநிலையையும் விடியலில் அவர்கள் செய்ததையும் நாம் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணியளவில் படையின் முன்பகுதி லெக்சிங்டனை அடைந்தது. ஆலயத்தின் அருகே இருந்த ஊர்ப் புல்வெளியில் ஊர்க்காவல் படையினர் எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் அணிவகுத்து நின்றனர். அந்த ஊரில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்ததும் ஆலயக் கட்டடத்தில்தான். ஊர்க்காவல் படையின் தலைவர் காசநோயால் உடல் நலிந்திருந்த ஒரு விவசாயி. பெயர் ஜான் பார்க்கர். ஆம், தமிழில் எழுதும்போது இருவர் பெயரும் ஒன்றாகிவிடுகிறது! ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் வேறு. குழப்பம் நேராதபடி ஆங்கிலேயரை 'லெப்டினன்ட்' என்றும் லெக்சிங்டன் விவசாயியை 'கேப்டன்' என்றும் சொல்லிச் செல்கிறேன். ஒரே காலையில், ஒரே புல்வெளியின் நிகழ்வைக் குறித்து இந்த இருவரும் விட்டுச்சென்ற சாட்சியம் நம்மிடம் இருக்கிறது.

கேப்டனின் வாக்குமூலம் ஏப்ரல் 25 அன்று பதிவாயிற்று. படை வருவதைக் கண்டதும் கலைந்து செல்லுமாறும், சுடவேண்டாமென்றும் தாம் கட்டளையிட்டதாகவும், எங்கள் பக்கத்திலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாதிருக்க, அவர்கள் பாய்ந்து வந்து சுட்டு எட்டுப் பேரைக் கொன்றார்கள் என்றும் அவர் சத்தியம் செய்தார். லெப்டினன்டோ, அவர்களிடமிருந்து ஓரிரு குண்டுகள் வந்தன என்று எழுதுகிறார். இங்கே இருவரும் முரண்படுகிறார்கள். முதல் குண்டு யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஆனால் அடுத்து லெப்டினன்ட் எழுதுவதைக் கவனியுங்கள். எங்கள் ஆட்கள் எந்தக் கட்டளையுமின்றி அவர்கள்மேல் பாய்ந்தார்கள், சுட்டார்கள், சிலர் மாண்டார்கள். எங்கள் தரப்பில் பத்தாம் படைப்பிரிவின் ஒருவனுக்குக் காயம், வேறெவருக்கும் ஒன்றுமில்லை. மறுபடியும் அணிவகுக்கச் செய்வதே பெரும்பாடாயிற்று, ஏனெனில் வீரர்கள் எந்தக் கட்டளையையும் காதில் வாங்காத அளவுக்கு வெறிகொண்டிருந்தார்கள்.

தம்முடைய படையைக் குறித்து ஓர் அதிகாரி எழுதிய சொற்கள் இவை. ஒழுங்கே படையின் மானம் என்று கருதிய காலத்தில், எங்கள் ஆட்கள் கட்டளையின்றிக் கொன்றார்கள் என்று எழுதுவது எளிதன்று. அவர் எல்லாவற்றிலும் துல்லியமானவர் என்றும் சொல்லமாட்டேன். எதிரே நின்றவர்கள் இருநூறு முந்நூறு பேர் என்கிறார். உண்மையில் அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அச்சமும் அரையிருளும் ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும். கணக்கில் தவறிய சாட்சியை நாம் உடனே தள்ளிவிடுகிறோம். எனக்கோ, எண்ணிக்கையில் தவறிய இந்த மனிதர் குற்றத்தின் பொறுப்பில் தவறவில்லை என்பதே பெரிதாகப் படுகிறது.

கான்கார்டின் வடக்குப் பாலத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. பாலத்தைக் காத்து நின்ற மூன்று கம்பெனிகளில் ஒன்று லெப்டினன்டின் படைப்பிரிவைச் சேர்ந்தது. குடியேற்றத்தார் பெருந்திரளாக இறங்கி வந்தபோது சுடுதல் எங்கள் பக்கத்திலிருந்து தவறி வெடித்த ஒரு குண்டினால் தொடங்கியது என்று அவர் குறிக்கிறார். அதே படைப்பிரிவின் லெப்டினன்ட் எட்வர்ட் கோல்ட் அந்தப் பாலத்தில் காயமுற்றுச் சிறைப்பட்டார். அவரும் ஏப்ரல் 25 அன்று அளித்த வாக்குமூலத்தில், பாலத்தில் முதலில் சுட்டது நாங்களே என்றார். சிறைப்பட்டவன் சொல்வதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். ஆகவேதான் போஸ்டனில் பாதுகாப்பாக அமர்ந்து, எவருடைய வற்புறுத்தலுமின்றி எழுதிய மற்றவரின் குறிப்பு மதிப்புடையதாகிறது. மூன்றாவது சாட்சியும் உண்டு. படையை நடத்திச் சென்ற லெப்டினன்ட் கர்னல் பிரான்சிஸ் ஸ்மித், ஜெனரல் கேஜுக்கு அனுப்பிய அறிக்கையில், எங்கள் ஆட்களில் ஒருவன் சுட்டான், அதற்கு அவர்கள் பதிலாகச் சுட்டார்கள் என்றே எழுதினார். இரண்டு மூன்று சாட்சிகளின் வாயினால் காரியம் நிலைவரப்படும் என்ற மோசேயின் நியாயப்பிரமாண ஒழுங்குக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் இந்த அறிக்கையைக் கையில் வைத்திருந்த ஜெனரல், பொதுமக்களுக்காகவும் மற்றக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்காகவும் வெளியிட்ட விவரத்தில் வேறொரு வரிசை காணப்படுகிறது. அதில் பாலத்தில் முதலில் சுட்டவர்கள் கலகக்காரர்கள். அரசரின் படை பதிலாகத்தான் சுட்டது. ஒரு வாக்கியத்தின் இரண்டு பகுதிகள் இடம் மாறின, அவ்வளவே. பெரிய பொய் எதுவும் புதிதாகக் கட்டப்படவில்லை. கமிட்டிக் குறிப்பேடுகளிலும் குடும்ப வழக்குகளிலும் இந்த இடமாற்றத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். நடந்ததெல்லாம் அதில் இருக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்பதில் மட்டும் ஒரு சிறு கை வேலை.

மறுபுறத்தார் இதில் குற்றமற்றவர்களா? அதையும் பார்த்துவிடுவோம். சண்டை முடிந்ததும் மாசசூசெட்ஸ் மாகாண காங்கிரஸ் விரைந்து வாக்குமூலங்களைச் சேகரித்தது. சேலம் துறைமுகத்தின் ஜான் டெர்பி, 'குவெரோ' என்ற சிறு கப்பலில் அவற்றை ஏற்றிக்கொண்டு மே மாத இறுதியில் லண்டனை அடைந்தார். ஜெனரலின் அறிக்கை முன்னதாகவே புறப்பட்டும் அவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்தியே வந்து சேர்ந்தது. முதலில் வந்த கதையே மக்கள் மனத்தில் பதிந்தது. அந்தக் கதையில் ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பாலத்தில் சண்டை ஓய்ந்தபின், கீழே விழுந்து கிடந்த ஆங்கிலச் சிப்பாய் ஒருவனை, இன்னும் உயிர் போகாத நிலையில், கான்கார்ட் இளைஞன் ஒருவன் கைக்கோடரியால் தலையில் அடித்துப் பிளந்தான். திரும்பி வந்த ஆங்கில வீரர்கள் அந்த உடலைக் கண்டு, குடியேற்றத்தார் தலைத்தோலை உரிக்கிறார்கள், காதுகளை அறுக்கிறார்கள் என்று நம்பினார்கள். ஜெனரலின் விவரத்திலும் அது அச்சாயிற்று. மாகாண காங்கிரஸ் என்ன செய்தது? இறந்தவர்களைப் புதைத்த இருவரின் வாக்குமூலத்தை மே மாதத்தில் வாங்கி வெளியிட்டது. எவருடைய தலைத்தோலும் உரிக்கப்படவில்லை, காதுகளும் அறுக்கப்படவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கோடரியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

ராக்ஸ்பரி சபையின் போதகர் வில்லியம் கார்டன் அதே மே மாதத்தில் எழுதிய விவரத்தில் இந்தக் கொடுஞ்செயலை மறைக்காமல் குறிப்பிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். அவர் குடியேற்றத்தாரின் உறுதியான ஆதரவாளர். தம் தரப்பின் வெற்றிக்கதையில் இந்தக் கறையையும் சேர்த்து எழுத அவருக்கு யாருடைய கட்டாயமும் இருக்கவில்லை.

இனி அன்றைய பிற்பகலுக்கு வருகிறேன். நான் வாசிக்கத் தயங்கிய பகுதி இது. கான்கார்டிலிருந்து திரும்பும் வழி நெடுகக் கற்சுவர்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து குண்டுகள் வந்தன. சாலையோர வீடுகளை ஒவ்வொன்றாக உடைத்து நுழைய வேண்டியதாயிற்று என்றும், உள்ளே அகப்பட்ட அனைவரும் கொல்லப்பட்டார்கள் என்றும் நம் லெப்டினன்ட் எழுதுகிறார். அது அவர்களுடைய துணிகரத்திற்குக் கிடைத்த பலன் என்பது அவருடைய தொனி. காலையில் தம் வீரர்களின் வெறியைக் கண்டு முகஞ்சுளித்த அதே பேனா, மாலையில் அதைவிடக் கொடியதை ஒரே வரியில் கடந்து செல்கிறது. பாலத்தில் இறந்த மூன்று சிப்பாய்களும் அவருடைய நான்காம் படைப்பிரிவினர் என்பதும், அவர்களில் ஒருவனின் பிளந்த தலையைப் பற்றிய பேச்சு அணிவகுப்பு முழுவதும் பரவியிருந்தது என்பதும் அதற்கு விளக்கமாகலாம். விளக்கமாகலாமேயன்றி, மெனோடமியில் மாண்டவர்களுக்கு அது பதிலாகாது. இன்று ஆர்லிங்டன் எனப்படும் அந்த ஊரில் ஜேசன் ரஸ்ஸல் என்ற 58 வயது ஊனமுற்ற விவசாயி, தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அவருடைய வீட்டிலும் முற்றத்திலும் இன்னும் 11 பேர் மாண்டார்கள். அருகிலிருந்த விடுதியில் ஆயுதமின்றிக் குடித்துக்கொண்டிருந்த இருவரும் தப்பவில்லை.

அதே பிற்பகலை இன்னொரு ஆங்கில அதிகாரியும் எழுதி வைத்திருக்கிறார். இருபத்துமூன்றாம் படைப்பிரிவின் அட்ஜுடண்ட் பிரடெரிக் மெக்கென்சி, காலையில் போஸ்டனிலிருந்து உதவிக்குச் சென்ற படையோடு போனவர். அந்த உதவிப் படை எட்டரை மணிவரை புறப்படாமல் நின்றதற்குக் காரணம், கடற்படை வீரர்களுக்குக் கட்டளை உரிய நேரத்தில் போய்ச் சேராததே என்பதை அவர் நிதானமாகக் குறிக்கிறார். நிதானமே அவருடைய இயல்பு. வீடுகளைப் பற்றி எழுதும்போது, அதிகாரிகள் தடுத்தும் சிப்பாய்கள் கொள்ளையடித்தார்கள் என்கிறார். கொள்ளையில் மூழ்கி வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட சிலர் அங்கேயே கொல்லப்பட்டதையும் சொல்கிறார். இந்தக் கொள்ளையே எதிரிகளின் சினத்தை மூட்டி, அவர்களில் பலரை வேறு விதமாகத் தொடர்ந்து வந்திருக்கக்கூடிய தொலைவைவிட வெகுதூரம் துரத்தி வரச் செய்தது என்பதில் தமக்கு ஐயமில்லை என்றும் எழுதுகிறார். ஒருவர் வீடுகளில் துணிகரத்தைக் கண்டார். மற்றவர் காரணத்தையும் விளைவையும் கண்டார். இருவரும் ஒரே சிவப்புச் சட்டையை அணிந்தவர்கள், ஒரே சாலையில் நடந்தவர்கள். அன்று மாலைக்குள் ஆங்கிலப் படையில் 73 பேரும் குடியேற்றத்தாரில் 49 பேரும் உயிரிழந்திருந்தனர்.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1825-இல் லெக்சிங்டன் ஊரார், தங்கள் ஊரின் பெருமையை நிலைநாட்ட எலியாஸ் ஃபின்னி என்பவரைக் கொண்டு ஒரு வரலாறு எழுதுவித்தனர். அன்று புல்வெளியில் நின்ற முதியவர்கள் சிலர் உயிரோடிருந்தார்கள். அவர்களிடம் மறுபடியும் வாக்குமூலம் வாங்கப்பட்டது. இப்போது அவர்கள் அழுத்திச் சொன்னது, நாங்களும் திருப்பிச் சுட்டோம் என்பதை! 1775-இல் உலகத்தின் இரக்கம் வேண்டியிருந்தது. அப்போது சுட்டதைக் குறித்து வாய் திறவாதிருந்தார்கள். 1825-இல் வீரர் என்ற பெயர் வேண்டியிருந்தது. அண்டை ஊரான கான்கார்டு, எதிர்த்து நின்ற முதல் பெருமை எங்களுக்கே என்று உரிமை கோரிக்கொண்டிருந்தது. அந்த முதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. திருப்பிச் சுட்டது உண்மையாகவே இருக்கலாம். ஒரே மனிதரின் ஒரே நினைவிலிருந்து எந்தப் பகுதி வெளியே வருகிறது என்பதைக் கேட்பவருடைய தேவை தீர்மானித்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் அச்சுறுத்தும் இடம் இதுவே.

கான்கார்டின் பதில் 1827-இல் வந்தது. எழுதியவர் அவ்வூர்ச் சபையின் போதகர் எஸ்ரா ரிப்ளி. பாலத்தை ஒட்டிய போதகர் மனையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். சன்னலைத் திறந்தால் அந்த ஆற்றங்கரை. தம் ஊரின் உரிமையை வாதாடி எழுதிய நூல் அது. ஆனாலும் கோடரி எடுத்த இளைஞனின் செயலை அவர் அதில் மறைக்கவில்லை. வெளிநாட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. ஊராருக்கு அது இனிமையான செய்தியாயிருக்கவும் முடியாது.

லெப்டினன்ட், அந்த நாளைக் குறித்த தம் பதிவை, தொடக்கம் முதல் முடிவுவரை இதைவிட மோசமாகத் திட்டமிடவும் நிறைவேற்றவும் முடியாது என்ற பொருள்படும் சொற்களோடு முடிக்கிறார். உதவி கேட்ட பாலத்துக்கு இரண்டு மூன்று கம்பெனிகளை அனுப்பிய கர்னல் ஸ்மித், மிகவும் பருத்த உடலினராயிருந்தும் தாமே முன்னால் நடந்ததால் எவரும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கடிந்துகொள்ளவும் மறக்கவில்லை. 1776 மார்ச் 17 அன்று ஆங்கிலப் படை போஸ்டனை விட்டுக் கப்பலேறி ஹாலிஃபாக்ஸ் சென்றது. மே 31-ஆம் தேதியோடு குறிப்புகள் நின்றுவிடுகின்றன. அவருடைய படைப்பிரிவின் அந்தச் சிப்பாய்களில் இருவர், கோடரியால் அடிபட்டவன் உட்பட, வடக்குப் பாலத்தருகே, ரிப்ளி வாழ்ந்த மனையின் கற்சுவரோரமாக இன்னமும் புதைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள்.